வெறுப்பு இல்லை, மல்லுக்கட்டு

பாப்பு,

இன்றைக்குக் காலையில் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினேன். பால் திரிந்திருந்தது. நேற்று வாங்கிய பாக்கெட்டைக் காய்ச்சாமல் அடுப்பு மேடையிலேயே விட்டிருக்கிறேன். கொதிக்கும்போதே திப்பி திப்பியாக வந்ததைப் பார்த்தேன். பார்த்தும் வடிகட்டிக் குடித்தேன் என்றால் என் புத்தி எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள். வாயைக் கொப்பளிக்கும்போது அந்தப் புளிப்பு வாடையோடு உன் வார்த்தை வந்தது. டிஸ்கஸ்ட்.

"கஸ்டுன்னா லத்தீன்ல ருசிம்மா. முன்னாடி டிஸ் சேத்தா ருசி கெட்டுப்போறது. மொதல்ல நாக்குக்குத்தான் இந்த வார்த்த. அப்புறந்தான் மனசுக்கு வந்துது."

நீ இதைச் சொல்லி மூன்று வருஷம் இருக்கும். நான் ஐந்தாவதோடு நின்றவள். இங்கிலீஷில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆனாலும் எட்டு இங்கிலீஷ் வார்த்தைகள் எனக்குப் பிறப்பு வளர்ப்போடு தெரியும். எட்டும் வேண்டாம் என்று சொல்வதற்கான வார்த்தைகள். இதைக் கேட்டால் ஊரில் சிரிப்பார்கள்.

பால் காய்ச்ச மறந்ததற்குக் காரணம் இருக்கிறது. நேற்று சாயங்காலம் பெண்ணாடத்திலிருந்து உன் மாமியார் வந்திருந்தார். கூடவே மாப்பிள்ளையும் வந்தார். நீ போய் ஒன்றரை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தது இதுதான் முதல் தடவை. தட்டில் பழமும் பூவும் வைத்திருந்ததைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"சம்பந்திம்மா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. புள்ளைக்கு ஒரு எடம் பேசி முடிச்சிருக்கோம். நல்லூரு பக்கத்துப் பொண்ணு."

"சரிங்க" என்றேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பூவாடக்காரிக்குப் படைக்கணுமுங்க. வர்ற வெள்ளிக்கெழம வெச்சிருக்குது."

நம் பக்கத்தில் தாலியோடு போனவளை அந்த வீட்டுப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது உனக்குத் தெரியும். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் அவளுக்குப் புதுச் சேலையும் பூவும் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் செய்து படைத்து, உத்தரவு கேட்ட பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள். நீ இப்போது அந்த வீட்டுப் பூவாடைக்காரி. இருபத்து நான்கு வயசில் சாமியாகிவிட்டாய். உன் புருஷன் வேறு ஒருத்தியைக் கட்டுவதற்கு உன்னிடமே உத்தரவு கேட்கப்போகிறார்கள்.

"சேல மட்டும் தாய்வூட்டுலேர்ந்து வரணுமுங்க. அது எங்க வூட்டு வழக்கம். நீங்க ஒங்க கையால கொண்டாந்து வெச்சாத்தான் அது மனசு குளுரும். படைச்ச பின்னாடி அந்தச் சேலய வர்ற பொண்ணு கட்டிக்கும்."

"பாக்கலாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மாப்பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை. டம்ளரை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

உன் மாமியார் எழுந்தார். "ஒங்களுக்கு வெறுப்பாத்தான் இருக்கும். பெத்த வயிறு இல்லியா. யோசிச்சு ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க. போயிட்டு வரோம்."

கெட்ட மனசில் சொல்லவில்லை. ஆனால் வெறுப்பு என்று ஒரு பேரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பேர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. லாரியில் போயிருக்கும் உன் அப்பாவுக்குப் போன் போட்டேன். "நீயே பாத்து முடிவு பண்ணிக்க" என்று வைத்துவிட்டார். அவருக்கு இப்போதெல்லாம் உன் பேச்சு எடுத்தால் ரோட்டில் கவனம் போய்விடுகிறதாம்.

எனக்கு இருப்பு கொள்ளவில்லை பாப்பு. இதை எழுத உட்கார்ந்த பிறகே மூன்று தடவை எழுந்துவிட்டேன். காயாத துணியைப் போய் எடுத்தேன், மறுபடியும் கொண்டுபோய்ப் போட்டேன்.

வெறுப்பு என்றால் என்ன, தயக்கம் என்றால் என்ன என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை நீதானே எனக்கு ஏற்றிவிட்டாய். இல்லையென்றால் அவர்கள் சொன்னதை ஆமாம் என்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பேங்கு பரீட்சைக்காக பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கோச்சிங் போய்க்கொண்டிருந்தாய். நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் ஒரு தடவை மட்டும் சுட்ட சாசர்களில் கொஞ்சம் கோணலானவை ஒதுங்கும். பளபளப்புக்குக் கிளேஸ் போடுவதற்கு முந்தின நிலை, சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரவென்று இருக்கும். நீ கேட்டாய் என்று அவற்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பென்சில் அதில் அப்படிப் பிடிக்கும். ஒரு சாசருக்கு ஒரு வார்த்தை எழுதி அலமாரியில் வரிசையாகச் சாய்த்து வைப்பாய். என்னைக் கேள்வி கேட்கச் சொல்வாய். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. அதற்காகச் சாசருக்குப் பின்பக்கம் படம் போட்டுவைத்தாய். நான் படத்தைப் பார்த்துக் கேட்பேன், நீ வார்த்தையைச் சொல்வாய்.

ஒரு படத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்ட பெண். அது அவர்ஸ், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது. ஒன்றில் முள்ளம்பன்றி மாதிரி முடி நின்ற தலை. அது அப்ஹார், முடி சிலிர்த்துப் பின்வாங்குவது. ஒன்றில் கப்பல்.

"கப்பலுக்கும் இதுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"நாசியாம்மா. கொமட்டல். கிரேக்க மொழியில கப்பலேர்ந்து வந்த வார்த்த. கப்பல் ஏறுனா வயித்தப் பெரட்டும் இல்ல, அதான்."

"எனக்கு வேப்பூரு பஸ்ஸு ஏறுனாலே பெரட்டுது. அப்ப பஸ்ஸியான்னு வெச்சிக்கச் சொல்லு."

நீ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாசர் விழப் பார்த்தது. கோச்சிங்கில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாயாம். அதிலிருந்து உன் கூட்டாளிகள் தெருவில் என்னைப் பார்த்தால் பஸ்ஸியா அம்மா என்பார்கள். ஒரு பெண் போன வாரம்கூடக் கடைத்தெருவில் என்னைப் பார்த்தாள். கூப்பிட வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

ஒரே மாதிரி இரண்டு வார்த்தை இருந்தது. லோத் என்று சொல்லிச் சட்டென்று விட்டால் மனசில்லாமல் இருப்பது. கடைசியில் நாக்கை அதிரவிட்டால் அடியோடு வெறுப்பது. "ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததும்மா. பழைய இங்கிலீஷுல பகைன்னு அர்த்தம். ஒண்ணு சாதுவாயிடுச்சு, இன்னொண்ணு அப்டியே இருக்குது" என்றாய். உன் அத்தைமார் இரண்டு பேரையும் போல என்று நான் சொன்னேன். ஹெசிட்டேட் என்று ஒன்று. ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பது. அது எனக்கு உடனே பிடிபட்டது. மண்ணின் ஈரத்தை அச்சு இழுத்துக்கொள்ளாவிட்டால் கப்பு அச்சை விட்டு வராது. அதைத்தானே இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

கடைசிப் படத்தில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துச் சண்டை போடுவார்கள்.

"ரிலக்டன்ட். லத்தீன்ல மல்லுக்கட்டுறதும்மா. எதுத்து மல்லுக்கட்டுறது."

"யாரோட?"

"தன்னோடயேதான். போன்னு ஒருத்தன், போவாதன்னு ஒருத்தன். ரெண்டு பேரும் நம்ம உள்ளதான் இருக்கறாங்க."

அந்தச் சாசர்கள் இன்னும் இருக்கின்றன. வார்த்தைகள்தான் இல்லை. அது என் கையால் நடந்தது. இதுவரை யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை.

உன் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அலமாரியைத் துடைத்தேன். துணி பட்ட இடத்தில் ஒரு எழுத்து மங்கிவிட்டது. இப்படியே ஒவ்வொன்றாகப் போய்விடுமே என்று பயந்து, எட்டையும் துணியில் சுற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். மதியம் ஆள் இல்லாத நேரத்தில் நானே கிளேஸ் தொட்டியில் முக்கி எடுத்தேன். சுட்டால் நிலைத்துவிடும் என்றுதான் எனக்குத் தெரியும். நெருப்பில் போய் வந்தது எதுவும் அழிந்து நான் பார்த்ததில்லை. கிளேஸ் காய்ந்தால் மாவு பூசின மாதிரி வெள்ளையாக மூடிவிடும். அதனால் உள்ளே எழுத்து இருப்பது சூளை பார்க்கிற அண்ணனுக்குத் தெரியவில்லை. நம் வீட்டுச் சாசர்தான், ஓரமாக வையுங்கள் என்றேன்.

சூளை திறந்த அன்றைக்கு எட்டும் பளபளவென்று வெறுமையாக இருந்தன. திருப்பிப் பார்த்தேன். கப்பலும் இல்லை, மல்லுக்கட்டுகிறவர்களும் இல்லை.

"இன்னாக்கா தேடற?" என்று அந்த அண்ணன் கேட்டார். சொன்னேன்.

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். "யக்கா, பென்சிலு நெருப்புல நிக்காதுக்கா. எரிஞ்சிபூடும். அதனாலதான நாங்க பென்சில்ல நம்பரு போடறோம். இம்மா வருஷமா இங்கதான இருக்கற, தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் எப்போதும் ஈர மண் பக்கம். அச்சிலிருந்து வந்த கப்பின் ஓரக் கோட்டைக் கத்தியால் சீவி, ஸ்பாஞ்சால் தடவி வைப்பதோடு என் வேலை சரி. சூளைப் பக்கம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அதனால்தான் இப்போது தமிழ் எழுத்திலாவது எட்டையும் எழுதி வைக்கிறேன். தப்பாக எழுதியிருந்தால் திருத்த நீ இல்லை.

எங்கேயோ போய்விட்டேன். நான் சொல்ல வந்தது ரிலக்டன்ட் பற்றி.

அவர்கள் உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கு நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். நான் பின்னால் வந்து நின்றேன்.

"புடிக்கலியா?"

"அப்டி இல்ல."

"மூஞ்சி ஏன் இப்டி இருக்குது? மெக்கானிக்குன்னு கேவலமா நெனக்கிறியா?"

"ம்மா, டிஸ்கஸ்ட்டும் இல்ல, அவர்ஸும் இல்ல. ரிலக்டன்ட். அவுரு நல்லவராத்தான் தெரியறாரு. பரீட்ச எழுதிட்டுப் பண்ணிக்கறேனே."

பார், எவ்வளவு தெளிவாகச் சொன்னாய். இத்தனைக்கும் அந்த வார்த்தைக்குப் படம் பார்த்தவள் நான். அப்படியிருந்தும், "மல்லுக்கட்டுதான? நாலு நாள்ல அடங்கிடும். பரீட்சைய அடுத்த வருசம் எழுதிக்க" என்றேன். நல்ல இடம் கை நழுவிவிடும் என்ற பயம் எனக்கு. கல்யாணம் முடிந்து ஐந்தாம் நாள் பரீட்சை வந்தது. அன்றைக்கு உன் பெரிய மாமனார் வீட்டில் விருந்து. ஹால் டிக்கெட் நம் வீட்டில் இருந்தது. நீ அதைக் கேட்கவும் இல்லை, நான் நினைவுபடுத்தவும் இல்லை.

இருபது வருஷமாக நான் மண்ணில் படித்த ஒரே பாடம் இருக்கிறது. பதம் வராமல் அச்சிலிருந்து பிடுங்கிய கப்பைக் கையால் எவ்வளவு சரி பண்ணி வட்டமாக்கி வைத்தாலும் சூளைக்குள் போனதும் பழையபடி கோணிக்கொள்ளும். மண் மறக்காது. எனக்கு இது தெரியும். உன்னிடம் மட்டும் எனக்கு இது ஞாபகம் வரவில்லை.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மஞ்சள் காமாலை என்று நீ படுத்த பத்து நாளும் ஆஸ்பத்திரியில் நான் பார்த்தேன். ஒரு வாய் கஞ்சி கொண்டுவந்தால் போதும், நீ கையைக் காட்டி, "ம்மா, கப்பல்" என்பாய். அதற்குள் அவர் கையை ஏந்திவிடுவார். பேசின் கிண்ணத்தை எடுக்க நேரம் இருக்காது. நகத்தில் கிரீஸ் போகாத அந்த இரண்டு கையில்தான் நீ எடுத்த வாந்தியெல்லாம் விழுந்தது. உன்னைப் பெற்ற எனக்கே ஒரு தடவை முகம் திரும்பிவிட்டது பாப்பு, சொல்லிவிடுகிறேன். அவர் முகம் திரும்பவே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அதே கையால் உனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அப்படிப்பட்டவர் மேல் எனக்கு வெறுப்பு இருக்கிறதா? காலையிலிருந்து கத்தியும் கப்பும் கையில் இருக்க இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு கப்பில் ஓரத்தையே சீவித் தள்ளிவிட்டேன். சூப்பர்வைசர் வந்து, "யக்கா, கோட்டச் சீவச் சொன்னா கப்பையே சீவற" என்று கத்தியை வாங்கி வைத்துவிட்டு ஸ்பாஞ்சைக் கையில் கொடுத்துப் போனான்.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் வாட்ச்மேன் வந்து, ஒங்களப் பாக்க ஆள் வந்திருக்குது என்றார். கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். தனியாக வந்திருந்தார்.

"வாங்க மாப்ள. அம்மா வரலிங்களா?"

"இல்ல அத்த. வேப்பூருக்கு ஸ்பேர் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"பொய் சொல்லிட்டா வந்தீங்க?"

"வேப்பூருக்கும் போவணும்தான்."

சாப்பிட்டீங்களா என்றேன். ஆச்சு என்றார். சாப்பிட்ட முகம் இல்லை அது. அவரே ஆரம்பித்தார்.

"நேத்து அம்மா வெறுப்புன்னு சொல்லிட்டாங்க. நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. ஒங்களுக்கு வெறுப்பா இருந்தா எங்கிட்ட சொல்லிடுங்க அத்த. இந்த எடமே வேணாம்னு நிறுத்திடறேன். அம்மாவ நான் பாத்துக்கறேன்."

"ஒங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதா?"

செருப்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டே நின்றார். "நல்ல பொண்ணு அத்த. போன்ல நல்லாப் பேசுது. நானும் பேசறேன். போன வெச்சதும் எனக்கே என் மேல ஒரு மாதிரியா வருது. வேணும்னு சொல்லவும் கூசுது, வேணாம்னு சொல்லவும் மனசு வரல. ரெண்டுக்கும் நடுவுல..."

"ரிலக்டன்ட்" என்றேன்.

சட்டென்று தலையைத் தூக்கினார். நேற்றிலிருந்து இப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறார். "மல்லுக்கட்டு" என்றார். "ஒங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்குதா?"

"படம் போட்டுக் காட்டியிருக்கறா."

"எனக்குப் படமெல்லாம் போடல. டிராக்டர வெச்சித்தான் சொல்லிக் குடுத்துச்சு. கிளட்ச விடாம ஆக்ஸிலேட்டர மிதிக்கற மாதிரின்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. வாட்ச்மேன் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. என்னுள்ளே இருப்பது வெறுப்பு இல்லை. வெறுப்பாக இருந்தால் முகம் திரும்பியிருக்கும், முடி நின்றிருக்கும். இது இரண்டு பேர் கட்டிப் புரள்வது. போ என்கிறவளும் நான்தான், போகாதே என்கிறவளும் நான்தான். அடங்கட்டும் பிறகு போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் அடங்காது. உனக்குத்தான் அடங்கிவிடும் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். எனக்கு வந்தபோதுதான் அதன் கனம் தெரிகிறது.

"மாப்ள, எனக்கும் அதான். வெறுப்பு இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. சேல நான் கொண்டாறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்புவார் என்று பார்த்தேன், கிளம்பவில்லை.

"அத்த, ஒண்ணு சொல்லட்டுங்களா. கல்யாணம் ஆன மொத மாசம் அது எங்கிட்டயும் இதத்தான் சொல்லுச்சு. எனக்கு ஒங்க மேல வெறுப்பு இல்லீங்க, ரிலக்டன்ட்டு, கொஞ்ச நாளு குடுங்கன்னு. அப்பதான் டிராக்டர வெச்சி வெளக்கம் சொன்னது. நான் சரின்னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அதப்பத்திப் பேசல."

"அடங்கிடுச்சின்னு சொன்னாளா?"

"சொல்லல அத்த. நானும் கேக்கல. நல்லாத்தான் இருந்துச்சு. சிரிச்சுது, என் கூட படத்துக்கு வந்துது, கடைக்கு டீ கொண்டாந்து குடுத்துச்சு. அதனால நான் கேக்கல."

சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. போயிட்டு வரேன் அத்த என்று வண்டியை எடுத்தார். நான் உள்ளே போய்ச் சாயங்காலம் வரை கப்புகளைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போய்ச் சேலை எடுப்பேன். வெள்ளிக்கிழமை பெண்ணாடத்துக்கு பஸ் ஏறுவேன். எனக்கு வயிற்றைப் புரட்டினாலும் போவேன். நீ நடமாடின வீட்டில் சேலையை வைத்துவிட்டு எல்லாரோடும் நிற்பேன். அவர்கள் கல்யாணத்துக்கு உத்தரவு கேட்பார்கள். சேலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், மாப்பிள்ளை மத்தியானம் சொன்னதைக் கொடுத்துவிட்டு வர முடியாது. அது என்னோடுதான் இருக்கும். நான் ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுக்காத அந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி வரை உன் முகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். சிரித்த முகமாகத்தான் வருகிறது. எதற்காகச் சிரித்தாய் என்றுதான் தெரியவில்லை.

உன் உள்ளே மல்லுக்கட்டினவர்கள் உண்மையிலேயே ஓய்ந்துபோனார்களா பாப்பு, இல்லை, எங்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நீதான் சொல்வதை நிறுத்திக்கொண்டாயா?